நுகர்வோர் கேள்வி-பதில்: ஜன்னல் வெளிச்சத்தைக் குறைந்த செலவில் மறைக்க

கேள்வி: தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். மாதத்தில் பாதி நாள் நைட் டியூட்டி. காலையில் வந்து படுத்தால் அறை பளீரென்று இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்க முடிவதில்லை. வேளச்சேரியில் வாடகை வீடு, இரண்டாவது மாடி. கிழக்குப் பார்த்த நான்கடி ஸ்லைடிங் ஜன்னல், உள்பக்கம் இரும்பு கிரில். ஏசி கிடையாது. சுவரில் துளை போடக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பிளாக்அவுட் ஸ்கிரீன், ராடு, பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்துக் கடையில் சொல்லும் விலை கட்டுப்படியாகவில்லை. ஆயிரம் ரூபாய்க்குள் வழி உண்டா?

பதில்: உண்டு. கடைக்காரர் சொன்னதை வாங்கினாலும் உங்கள் அறை முழுதாக இருட்டாகியிருக்காது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்கிரீன் வாங்குகிறவர்கள் துணியைத் தடவிப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். ஆனால் வெளிச்சம் அதிகமாக உள்ளே வருவது துணி வழியாக அல்ல. ராடுக்கு மேலே, இரண்டு ஓரங்களில், கீழே, நடுவில் துணிகள் சேரும் இடத்தில் என்று இடுக்குகள் வழியாகத்தான். ரிங் வைத்துத் தைத்த ஸ்கிரீன் மேல்பக்கம் அலை அலையாக நிற்பதால் அங்கே எப்போதும் சந்து இருக்கும்.

இரவில் தூங்குகிறவருக்கு அந்தச் சந்து ஒரு பொருட்டே இல்லை. உங்கள் கதை வேறு. நேர் வெயிலின் வெளிச்சம் கிட்டத்தட்ட 1,00,000 லக்ஸ் (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு). நல்ல வெளிச்சமான அலுவலக அறையில் இருப்பது 300 முதல் 500 லக்ஸ்தான். ஜன்னலில் விழும் வெயிலில் 95 சதவீதத்தைத் துணி தடுத்துவிட்டாலும் மீதி 5 சதவீதமே அந்தத் துணியின் மேல் 5,000 லக்ஸ். பகலில் தூங்குகிறவர்கள் 'விலை கொடுத்து வாங்கியும் பயனில்லை' என்று குறைப்பட்டுக்கொள்வதற்கு இதுதான் காரணம். கண்ணில் வெளிச்சம் பட்டுக்கொண்டிருக்கும்வரை மூளை இது பகல் என்றே கணக்கு வைத்துக்கொள்ளும். தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பும் அடங்கிப்போகும். பாதி மாதம் நோயாளிகளுக்காக விழித்திருக்கும் உங்களுக்கு இது ஆடம்பரச் செலவு இல்லை. வீட்டில் இருப்பவர்களிடமும் அப்படியே சொல்லுங்கள்.

முதல் செலவு, கண் பட்டை. நூறு, இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும். கண்ணுக்கு நேரே குழிவாக இருக்கிற வகையை வாங்குங்கள். இமையை அழுத்தாது, மூக்கோரத்தில் வெளிச்சமும் குறைவாக வரும். வியர்க்கிறது என்று சிலருக்குப் பிடிக்காது. பிடித்துவிட்டால் பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீர்ந்தது.

அடுத்து ஜன்னல். உங்களிடம் கிரில் இருப்பது பெரிய வசதி. சுவரைத் தொட வேண்டியதே இல்லை. வீட்டு உபயோகப் பொருள் கடையில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் வந்த அட்டைப் பெட்டி கேளுங்கள். பல கடைகளில் சும்மாவே கொடுப்பார்கள், இல்லையென்றால் பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடைக்கும். ஜன்னல் குழிக்குள் இறுக்கமாக உட்காரும் அளவுக்கு வெட்டி, அறையைப் பார்க்கும் பக்கம் கறுப்பு சார்ட் ஒட்டுங்கள். வெளியே பார்க்கும் பக்கம் வெள்ளை சார்ட் ஒட்டினால் வெயிலைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும். அதை கேபிள் டையால் கிரில்லோடு கட்டிவிடலாம். தினமும் கழற்ற வேண்டும் என்றால் காந்தம் போதும், இரும்பு கிரில்லில் நன்றாகப் பிடிக்கும். சுற்றி மிஞ்சுகிற சந்துக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஒட்டும் ஸ்பாஞ்சு டேப்.

அட்டைக்கு ஈரம் ஆகாது, கரப்பான் பூச்சியும் குடியேறும். மழைக்காலத்துக்கும் தாங்க வேண்டும் என்றால் போர்டு எழுதுகிற கடைகளில் கிடைக்கும் சன்பேக் ஷீட் (அட்டை போன்ற பிளாஸ்டிக் தகடு) வாங்குங்கள். கறுப்பு கிடைத்தால் நல்லது. வெள்ளை ஷீட் தனியாக வெளிச்சத்தைத் தடுக்காது; அதன் பின்னால் கறுப்பு சார்ட் வேண்டும். தெர்மாகோலும் அப்படித்தான், வெயில் பட்டால் ஷீட்டே ஒளிர ஆரம்பிக்கும்.

ஒரு எச்சரிக்கை. எதையும் கண்ணாடியோடு ஒட்டி வைக்காதீர்கள். கறுப்புத் தாளோ அலுமினியம் ஃபாயிலோ கண்ணாடியில் நேரடியாக ஒட்டியிருந்தால் வெயில் படுகிற இடம் மட்டும் அதிகமாகச் சூடாகும். ஓரம் சூடாகாமல் நடு மட்டும் சூடானால் சாதாரணக் கண்ணாடி விரிசல் விட வாய்ப்புண்டு. வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். உங்கள் ஜன்னலில் கிரில்லே அந்த இடைவெளியைத் தந்துவிடும்.

இப்போது காற்று. ஏசி இல்லாத அறையில் ஜன்னல் முழுவதையும் அட்டையால் அடைத்தால் சித்திரை மாதத்தில் இருட்டில் வெந்துபோவீர்கள். ஸ்லைடிங் ஜன்னலில் ஒரு நேரத்தில் பாதிதானே திறக்க முடியும்? திறக்காத பாதியை மட்டும் அட்டையால் நிரந்தரமாக அடைத்துவிடுங்கள். திறக்கிற பாதிக்குத் தடித்த துணியைத் தொங்கவிடுங்கள். கிரில்லின் மேல் கம்பியிலேயே மெல்லிய ராடு ஒன்றைக் கட்டிக்கொள்ளலாம். துணி திறப்பைவிட இரண்டு பக்கமும் அரையடி அகலமாக, கீழே ஒரு அடி நீளமாக இருக்கட்டும். ஓரங்கள் வழியாகக் காற்று சுற்றி வரும். வெளிச்சம் நேர்கோட்டில்தான் வரும் என்பதால் பெரும்பகுதி துணியிலேயே நின்றுவிடும். இதற்குப் புது ஸ்கிரீன் தேவையில்லை. கர்ட்டன் துணிக்கடைகளில் பிளாக்அவுட் லைனிங் மீட்டர் கணக்கில் கிடைக்கும். இருக்கிற ஸ்கிரீனுக்குப் பின்னால் அதை வைத்துத் தையல்காரரிடம் தைத்துவிட்டால் போதும்.

துணியை எப்படிச் சோதிப்பது? கடையில் போன் டார்ச்சைப் போட்டு, துணியின் பின்பக்கம் ஒட்டிப் பிடியுங்கள். ஒன்றுமே தெரியவில்லை என்றால் அது பின்பக்கம் பூச்சு கொடுத்த உண்மையான பிளாக்அவுட். சின்னச் சின்னப் புள்ளிகளாக ஒளி தெரிந்தால் அது நெருக்கமாக நெய்த துணி மட்டுமே. தெருவிளக்குக்கு அது போதும், உங்கள் கிழக்கு வெயிலுக்குப் போதாது. ஜிஎஸ்எம் இத்தனை என்று சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்; அது துணியின் எடை, அவ்வளவுதான். பூச்சுள்ள துணியைச் சுடுதண்ணீரில் ஊறவைப்பதோ, பூச்சுப் பக்கம் இஸ்திரி போடுவதோ கூடாது. பூச்சு வெடித்துப் போகும்.

ஸ்பிரிங் ராடு, ஒட்டும் ஹூக் என்று துளை போடாத சாமான்கள் நிறைய விற்கிறார்கள். டைல்ஸிலும் கண்ணாடியிலும் ஹூக் நிற்கும். டிஸ்டெம்பர் அடித்த சுவரில் பெயின்ட்டையும் பிய்த்துக்கொண்டு விழும். ஸ்பிரிங் ராடு கனமான ஸ்கிரீனைத் தாங்காமல் மெல்ல இறங்கும். கிரில் இருக்கும்போது இரண்டிலும் காசு போட வேண்டாம்.

எல்லாம் கட்டி முடித்த பிறகு, நல்ல வெயில் நேரத்தில் கதவைச் சாத்திவிட்டு பத்து நிமிடம் அறைக்குள் சும்மா உட்காருங்கள். கண் பழகப் பழக எங்கிருந்து வெளிச்சம் வருகிறது என்று துல்லியமாகத் தெரியும். பென்சிலால் குறித்து, அந்த இடத்தை மட்டும் அடையுங்கள். பெரும்பாலும் மறந்துபோவது கதவின் அடிப்பக்கமும் மேலே இருக்கிற வென்டிலேட்டரும்தான். கதவுக்கடியில் பழைய புடவையைச் சுருட்டி வைத்தாலே போதும்.

கேள்வி: ஆன்லைனில் '100 சதவீதம் பிளாக்அவுட்' என்று போட்டிருந்த ஸ்கிரீன் இரண்டு வாங்கினேன். மாட்டிப் பார்த்தால் துணி முழுவதும் வெளிச்சம் தெரிகிறது. 'பிரித்து மாட்டிவிட்டீர்கள், திரும்ப எடுக்க மாட்டோம்' என்கிறார் விற்பனையாளர். விட்டுவிட வேண்டியதுதானா? (மதுரை வாசகர்)

பதில்: விடாதீர்கள். ஆனால் முதலில் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள்: விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தது? 'அறையை மங்கலாக்கும்' என்ற பொருள்பட மட்டும் எழுதியிருந்தால் உங்கள் பக்கம் வலு குறைவு. '100 சதவீதம்' என்று இருந்தால், அந்தப் பக்கத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். புகார் போன பிறகு வாசகம் மாறிவிடலாம். அப்புறம் பகலில் ஸ்கிரீன் வழியாக வெளிச்சம் தெரிவதை, துணியின் நடுப்பகுதியைக் காட்டி, வீடியோ எடுங்கள். ஓரத்தில் வருகிற வெளிச்சம் துணியின் குற்றம் ஆகாது. அதைக் காட்டினால் உங்கள் புகாரே பலவீனமாகும்.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பொருள் குறைபாடாக இருந்தாலோ விளம்பரப்படுத்திய தன்மையோடு இல்லாவிட்டாலோ அதைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. பிரித்துப் பார்க்காமல், மாட்டாமல் ஒரு ஸ்கிரீன் வெளிச்சத்தை மறைக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் சொல்லும் காரணம் செல்லாது. தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பெரும்பாலான சிறு தொகைப் புகார்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த எண்ணைத்தான். அதிலும் முடியாவிட்டால் மதுரையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்தில் வழக்குத் தொடுக்க 2019 சட்டம் இடம் தருகிறது. பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

கடையில் வாங்கி, பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருந்தாலும் பயப்பட வேண்டாம். குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது அதே சட்டத்தில் நேர்மையற்ற வணிகமுறை. பில்லில் காலக்கெடு எதுவும் இல்லை என்றால் 30 நாள் அவகாசம் உண்டு. நிறம் பிடிக்கவில்லை, அளவு தவறாகச் சொல்லிவிட்டேன் என்பதற்கெல்லாம் இது பொருந்தாது. பில் வாங்காமல் வந்துவிட்டால் இவை எதுவுமே கைகொடுப்பது சிரமம்.

கேள்வி: திருச்சியில் மேற்குப் பார்த்த படுக்கையறை. மதியம் மூன்று மணிக்கு மேல் வெயில் கட்டில்வரை வருகிறது. கண்ணாடிக்கு சன் ஃபிலிம் ஒட்டட்டுமா?

பதில்: இந்தப் பணத்தை ஜன்னலுக்கு வெளியே செலவழியுங்கள். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயில் தரையிலும் கட்டிலிலும் பட்டுச் சூடாகிவிட்டால் அந்தச் சூட்டைக் கண்ணாடி எளிதில் வெளியே விடாது. ஸ்கிரீன் வெளிச்சத்தை மறைக்கும். ஆனால் ஸ்கிரீனே சூடாகி அறைக்குள் அனலடிக்கும். ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு இருக்கிறதே என்று நினைக்கலாம். உச்சி வெயிலுக்குத்தான் அது உதவும். சாயங்கால வெயில் தாழ்வாக, நேராக வருகிறது.

மூங்கில் தட்டி கட்டுங்கள், இல்லையென்றால் விவசாயச் சாமான் கடையில் பச்சை நிழல் வலை வாங்குங்கள். 50, 75, 90 என்று சதவீதம் சொல்லி விற்பார்கள்; உங்களுக்கு 75 அல்லது 90. சன்ஷேடு விளிம்பிலிருந்து சற்றுச் சாய்வாக இழுத்துக் கட்டினால் காற்றும் வரும். மாடி ஜன்னல் என்றால் நீங்களே எட்டிக் கட்ட வேண்டாம், ஆள் வைத்துச் செய்யுங்கள். காற்றடி மாதங்களில் முடிச்சு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபிலிம் அறையை இருட்டாக்காது, உறுத்தலைத்தான் குறைக்கும். கண்ணாடி போலப் பிரதிபலிக்கும் வகையை மறைவுக்காக வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பகலில் வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே தெரியாது. இரவில் உள்ளே விளக்குப் போட்டால் நிலைமை தலைகீழ்.

கேள்வி: கோடம்பாக்கத்தில் எங்கள் ஜன்னலுக்கு நேராக வெள்ளை எல்இடி தெருவிளக்கு. பனிக்கண்ணாடி ஸ்டிக்கர் ஒட்டினேன், பயனில்லை.

பதில்: அந்த ஸ்டிக்கர் வெளிச்சத்தைப் பரப்பும், குறைக்காது. ஒரு புள்ளியாக இருந்த விளக்கு இப்போது ஜன்னல் முழுக்க வெள்ளையாகத் தெரியும். இரவு விளக்குக்கு நெருக்கமாக நெய்த சாதாரண அடர் நிற ஸ்கிரீனே போதும். ராடு ஜன்னலைவிட இரண்டு பக்கமும் அரையடி நீளமாக இருக்க வேண்டும்.

அதற்கு முன், செலவில்லாத வழியைப் பாருங்கள். சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணில் கூப்பிட்டு, கம்பத்தின் எண்ணைச் சொல்லி, விளக்கின் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பவோ வீட்டுப் பக்கம் மறைப்பு வைக்கவோ கேளுங்கள். 'விளக்கை அணையுங்கள்' என்று கேட்காதீர்கள். அந்தத் தெருவில் இரவில் நடக்கிறவர்களுக்கு அது வேண்டும். புகார் எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு, பதில் இல்லையென்றால் அதே எண்ணைச் சொல்லி வார்டு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைப் பாருங்கள்.