கேள்வி–பதில்: ராஜாஜியும் வரிப்பணமும்

ராஜாஜியின் பொருளாதாரக் கொள்கை குறித்து வந்த கேள்விகளில் நான்கிற்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது.

கே: 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்த ராஜாஜியே, இருபது ஆண்டுகள் கழித்துச் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி வரிச்சுமையைக் கண்டித்தார். ஆட்சியில் இருக்கும்போது ஒரு பேச்சு, எதிர்க்கட்சியில் அமர்ந்ததும் வேறு பேச்சு என்பதுதானே இது? – வாசகர், சேலம்.

ப: கதையே உங்கள் ஊரில்தான் தொடங்குகிறது. 1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. பின்னர் சித்தூர், கடப்பை, வடஆற்காடு மாவட்டங்களுக்கும் விரிந்தது. கள், சாராயக் கடைகளின் வருமானத்தைப் பெரிதும் நம்பியிருந்த மாகாணக் கஜானாவில் துண்டு விழுந்தது. முதலமைச்சர் பொறுப்போடு நிதித்துறையையும் தம்மிடமே வைத்திருந்த ராஜாஜி, அந்தத் துண்டை ஈடுகட்டவே பொது விற்பனை வரிச் சட்டத்தை நிறைவேற்றினார். பெட்ரோல் போன்ற ஓரிரு சரக்குகளுக்கு மத்திய மாகாணம் அதற்கு முந்தைய ஆண்டே வரி போட்டிருந்தது என்றாலும், சரக்கு விற்பனைக்குப் பொதுவாக வரி விதித்த முதல் மாகாணம் சென்னைதான். வணிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், அவர் பின்வாங்கவில்லை.

இதை நான் முரண்பாடாகக் கொள்ளவில்லை. எந்த வருவாய் போகிறது, அதை எந்த வரி நிரப்புகிறது என்று கணக்கை முன்னால் வைத்து வரி கேட்பது ஒன்று. செலவை விரித்துக்கொண்டே போய், அதற்குப் பணம் தேடிப் புதிய புதிய வரிகளைக் கண்டுபிடிப்பது வேறொன்று. 1959க்குப் பின் அவர் சண்டை போட்டது இரண்டாவதோடு.

கே: நேரு அரசின் செலவில் அவர் கண்ட குறைதான் என்ன? – வாசகர், திருச்சி.

ப: இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் அரசுத் துறைக்கென வகுத்த தொகை 4,800 கோடி ரூபாய். அதில் 1,200 கோடி, அதாவது சரியாகக் கால் பங்கு, பற்றாக்குறை நிதி. வரியாகவும் வராமல், மக்களிடம் கடனாகவும் வாங்காமல், புதுப்பணத்தைப் புழக்கத்தில் விட்டுச் சமாளிக்க வேண்டிய தொகை. அதனால் விலைவாசி ஏறும்போது, சட்டமன்றத்தில் எந்த மசோதாவும் வராமலேயே மாதச் சம்பளக்காரரிடமும் கூலிக்காரரிடமும் வரி பிடிக்கப்பட்டுவிடுகிறது என்பது அவருடைய வாதம். என் கணிப்பில் அவர் சொன்னவற்றுள் மிக வலுவானது இதுதான்.

கேம்பிரிட்ஜ் பேராசிரியர் கால்டாரின் யோசனைப்படி 1957இல் சொத்து வரியும் (நகராட்சி வீட்டுக்கு வாங்குவதல்ல, ஒருவரின் மொத்தச் செல்வத்தின் மீது மத்திய அரசு போட்டது) செலவு வரியும், அடுத்த ஆண்டு நன்கொடை வரியும் வந்தன. இவற்றுள் செலவு வரி பட்ட பாடு வேடிக்கையானது: மொரார்ஜி தேசாய் 1962இல் அதை எடுத்தார், டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1964இல் திரும்பக் கொண்டுவந்தார், 1966இல் மறுபடியும் எடுத்துவிட்டார்கள். வசூலான தொகை அற்பமே.

ஆனால், ராஜாஜிக்கு வரியின் அளவைவிட, அது யார் கையில் என்ன அதிகாரமாக மாறுகிறது என்பதே பெரிய கவலை. ஆலையை விரிவாக்க லைசென்ஸ், இறக்குமதிக்குப் பெர்மிட், மூலப்பொருளுக்குக் கோட்டா என்று ஒவ்வொன்றுக்கும் தில்லியில் காத்துக் கிடக்கும் முதலாளி, ஆளும் கட்சிக்குத் தேர்தல் நிதி கொடுக்க மறுக்க முடியுமா என்று அவர் கேட்டார். ‘பெர்மிட்–லைசென்ஸ்–கோட்டா ராஜ்யம்’ என்று அவர் ஓயாமல் சாடியது இதைத்தான்.

கே: சிக்கனம் என்றாலே ஏழைகளின் வயிற்றில் அடிப்பது என்றாகிவிடுகிறதே? – வாசகர், மதுரை.

ப: ராஜாஜியைப் பொறுத்தவரை இந்தக் குற்றச்சாட்டை ஒதுக்கிவிட முடியாது. 1953இல் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் நாளுக்கு மூன்று மணி நேரமே பாடம் என்றாக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றார். புதிய கட்டடமோ கூடுதல் ஆசிரியரோ இல்லாமல், முறைவைத்து இரு மடங்குப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்ற செலவுக் கணக்கு அதில் இருந்தது. கணக்கு சரியாகவே இருந்திருக்கலாம். அதன் சுமை சலவைத் தொழிலாளியின் மகன் மீதும் முடிதிருத்துபவரின் மகன் மீதும் விழுந்தது, வக்கீலின் மகன் மீது விழவில்லை. குலக்கல்வித் திட்டம் என்ற பெயர் சும்மா வரவில்லை. 1954இல் அவர் பதவி விலக, காமராஜர் அதைக் கைவிட்டார்.

கே: இன்று அவருடைய கொள்கை எந்தக் கட்சியிடம் இருக்கிறது? – வாசகர், கோவை.

ப: முழுமையாக எந்தக் கட்சியிடமும் இல்லை. சுதந்திராக் கட்சி 1967இல் மக்களவையில் 44 இடங்களைப் பிடித்தது, 1974இல் சரண்சிங்கின் பாரதிய லோக் தளத்தில் கலந்தது. லைசென்ஸ் முறையின் பெரும்பகுதியை 1991இல் காங்கிரஸ் அரசே எடுத்துவிட்டது. நன்கொடை வரியை 1998இலும் சொத்து வரியை 2015இலும் பாரதிய ஜனதா அரசுகள் கைவிட்டன. மதுக்கடை வருமானம் வேண்டாம், அதற்குப் பதில் வேறு வரி போடுகிறேன் என்று வாக்காளரிடம் சொல்லும் துணிவை மட்டும் எந்தக் கட்சியும் எடுத்துக்கொள்ளவில்லை.