ஏற்காட்டில் வாங்கிய ‘காஷ்மீர் பட்டு’ கம்பளம்: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: மே மாதம் ஏற்காட்டில் ஒரு கைவினைப் பொருள் கடையில் நாலுக்கு ஆறு அடி கம்பளம் ஒன்றை 68,000 ரூபாய்க்கு வாங்கினேன். ‘சுத்தமான காஷ்மீர் பட்டு, ஒவ்வொரு முடிச்சும் கையால் போட்டது’ என்று வாட்ஸ்அப்பிலும் எழுதியிருந்தார்கள். வீட்டில் புரட்டிப் பார்த்தால் அடியில் துணி ஒட்டியிருக்கிறது. எங்கள் தெருவில் பட்டு நெய்கிறவர் இது பட்டே இல்லை என்கிறார். மூன்றாம் வாரமே திருப்பிக் கொண்டுபோனேன். பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’, ‘ஸ்ரீநகர் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது’ என்று இருப்பதைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். என்ன செய்யலாம்?
வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: முதலில், நீங்கள் ஸ்ரீநகர் போக வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, நீங்கள் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்க இடம் தருகிறது. சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். சட்டம் கொடுத்த உரிமையை பில்லின் அடியில் அச்சடித்த ஒரு வரி பறித்துவிடாது. ‘திரும்பப் பெறப்படாது’ என்பதும் அப்படித்தான். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால், 30 நாளுக்குள் கொண்டுவந்ததை மறுப்பது நேர்மையற்ற வணிகமுறை. நீங்கள் மூன்றாம் வாரமே போனது நல்லதாகப் போயிற்று.

ஆனால் ‘விலை அதிகம்’ என்று மட்டும் எழுதிக்கொண்டு போகாதீர்கள், அது நிற்காது. சொன்னது ஒன்று, கொடுத்தது வேறு என்பதே உங்கள் வழக்கு.

நீங்கள் அனுப்பிய பில் படத்தில் ‘ஹேண்ட்மேட் சில்க் கார்ப்பெட்’ என்றுதான் இருக்கிறது. முடிச்சைப் பற்றிப் பேச்சே இல்லை. கடைக்காரர் நழுவப் பார்க்கும் இடம் இதுதான். துணியில் கைக்கருவியால் நூலைக் குத்தி ஏற்றி, பின்பக்கம் பசை தடவி, மேலே இன்னொரு துணி ஒட்டுவது ஒரு வகைக் கம்பளம். அதிலும் கை வேலை உண்டு என்று வாதாடுவார். முடிச்சுக் கம்பளம் வேறு. அதில் பாவு நூலில் (நெடுக்கு நூல்) முடிச்சு முடிச்சாகப் போட்டு, வரிசைக்கு வரிசை ஊடை (குறுக்கு நூல்) ஓட்டுவார்கள். புரட்டினால் அதே பூ வேலை பின்னாலும் தெரியும். ஓரத்துக் குஞ்சம் பாவு நூலின் நுனியே, தைத்து ஒட்டியதல்ல. காஷ்மீரில் சதுர அங்குலத்துக்கு 324 முடிச்சு என்பது வழக்கமான கணக்கு, அதற்கு மேலும் உண்டு. மாதக்கணக்கில் ஆள் உட்கார்ந்து செய்கிற வேலை அது.

பில்லை இன்னொரு முறை பாருங்கள். எச்.எஸ்.என். (வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண்) என்ற கட்டத்தில் 5703 என்று போட்டிருக்கிறார்கள். முடிச்சுக் கம்பளத்துக்கான எண் 5701. 5703 என்பது நூல் குத்தி ஏற்றிய கம்பளத்துக்கு உரியது. உங்களிடம் முடிச்சு என்று சொன்னவர், வரிக் கணக்கில் உண்மையை எழுதிவிட்டார்! இந்த எண்ணும் வாட்ஸ்அப் செய்தியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நழுவ இடம் குறைவு. அதனால் அந்த போனை மாற்றவோ, செய்திகளை அழிக்கவோ வேண்டாம். அச்சிட்டுக் கொடுக்கும்போது பாரதிய சாக்ஷ்ய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவு கேட்கும், மின்னணுப் பதிவுக்கான சான்றையும் இணைத்துவிடுங்கள்.

பட்டா இல்லையா என்பதற்கு நெசவாளர் கண் சரியாகத்தான் இருக்கும். ஓரிழையை எரித்துப் பார்த்தாலும் தெரியும்: பட்டு என்றால் முடி கருகிய நாற்றம், விஸ்கோஸ் (பட்டுப் போல மினுக்கும் செயற்கை இழை) என்றால் காகிதம் எரிந்த வாசனை. அது உங்கள் மனத்தெளிவுக்கு. எதிர்த்தரப்பு மறுத்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி ஆணையமே மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும். அந்தக் கட்டணத்தை உங்களைக் கட்டச் சொல்லலாம். கம்பளத்தை நீங்களாக வெட்டிவிடாதீர்கள்.

காஷ்மீர் முடிச்சுக் கம்பளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. க்யூ.ஆர். குறி உள்ள முத்திரையும் ஒட்டுகிறார்கள். உங்களுடையதில் அது இல்லை என்பதை மட்டும் ஆதாரமாக வைக்காதீர்கள், அசல் எல்லாவற்றிலும் அது இருப்பதில்லை.

இப்போது செய்ய வேண்டியது: 15 நாள் கெடு வைத்து, பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ். சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் பல கடைகள் இதிலேயே இறங்கி வந்துவிடும். பில்லில் உள்ள ஜி.எஸ்.டி. எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டால் கடையின் பதிவு முகவரி கிடைக்கும். முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் பதிவு தமிழ்நாட்டில்தான், ஸ்ரீநகர் பேச்செல்லாம் வெறும் மிரட்டல். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள்.

அசையவில்லை என்றால் ஆணையத்தில் புகார். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை (வக்கீலான நான் சொல்லக் கூடாததுதான்). கடையோடு, பில்லில் உள்ள உரிமையாளர் பெயரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். விலை, மன உளைச்சலுக்கு இழப்பீடு, செலவுத்தொகை மூன்றையும் கேளுங்கள். பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் கூடுதலாகும். புகார் கொடுக்கக் காலக்கெடு 2 வருடம்.

போலீஸ் புகார் இப்போதைக்கு வேண்டாம். ஒரே கடை பலரிடம் இப்படி விற்றது தெரிந்தால் அப்போது யோசிக்கலாம். அதுவரை கம்பளத்தைப் புழங்காமல் சுருட்டி வையுங்கள். மடிக்க வேண்டாம், பின்பக்கப் பசை வெடித்தால் நீங்கள் கெடுத்ததாகச் சொல்லிவிடுவார்கள்.