குத்துச்சண்டையில் ஜோ லூயிஸை ஏன் இன்றும் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

1937 முதல் 1949 வரை ஹெவிவெயிட் உலகப் பட்டம் அவர் கையில்தான் இருந்தது. 25 முறை தக்கவைத்தார். அந்த எடைப் பிரிவில் இதை இன்னும் யாரும் தாண்டவில்லை.

ஆனால் எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது ஒரு தோல்வியால். 1936-ல் ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங் அவரை 12-வது சுற்றில் நாக்அவுட் செய்தார். இடது கையால் ஜாப் (நேராக நீட்டி விடும் வேகக் குத்து) விட்டதும் லூயிஸ் அந்தக் கையைத் தாழ்த்திவிடுவார். முகம் ஒரு கணம் காவலின்றி நிற்கும். ஷ்மெலிங் அதைக் கவனித்து வைத்திருந்து, வலது கையை அங்கேயே திரும்பத் திரும்ப இறக்கினார்.

1938 ஜூன் 22, யாங்கீ ஸ்டேடியத்தில் மறுமோதல். ஹிட்லர் ஆட்சி ஷ்மெலிங்கைத் தன் இனப்பெருமைக்கு விளம்பரமாக்கியிருந்தது (அவர் நாஜிக் கட்சியில் சேரவே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்). 124 நொடிகளில் லூயிஸ் ஷ்மெலிங்கை வீழ்த்த, கதை முடிந்தது. நிறவெறி ஊறிய அமெரிக்காவில் வெள்ளையர்களும் ஒரு கறுப்பரைத் தங்கள் வீரனாகக் கொண்டாடிய இரவு அது. அவரது சாதனைகளில் இதற்கு ஈடாக எதையும் என்னால் வைக்க முடியாது.

பிற்காலம் கசப்பானது. வரிபாக்கி நெருக்க மறுபடி களமிறங்கி, 1951-ல் 37 வயதில் ராக்கி மார்சியானோவிடம் விழுந்தார். 1981-ல் இறந்தபோது ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அந்தச் செலவில் பங்கெடுத்தவர்களில் ஒருவர், பின்னாளில் நண்பராகிவிட்ட ஷ்மெலிங்.