மொழிகள்: பர்மியம், ஆங்கிலம்

அன்புள்ள ஐயா,

நான் ரங்கூன் இன்செயினில் இருக்கிறேன். சமயக் கல்வியில் பி.ஏ. முடித்துவிட்டேன். அப்பா கோயில் பக்கம், அம்மா சபை பக்கம். நான் இரண்டுக்கும் போய் வளர்ந்தவள். அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க ஆசை. எம்.டிவ். நல்லதா, சமய ஆய்வில் எம்.ஏ. நல்லதா? எஸ்.ஓ.பி.யில், அதாவது ஏன் படிக்க வருகிறேன் என்று எழுதும் கட்டுரையில், என் விசுவாசத்தைப் பற்றி எழுதலாமா? எங்கள் போதகர் பரிந்துரைக் கடிதம் தருகிறேன் என்கிறார், அது போதுமா சயா? ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வுக்கு எந்த வகுப்பில் சேரலாம்? எழுதி வைத்த எஸ்.ஓ.பி.யையும் பயோடேட்டாவையும் இணைத்திருக்கிறேன். என் தமிழில் பிழை இருந்தால் மன்னியுங்கள். கோடை விடுமுறையில் கோயில் வகுப்பில் படித்த தமிழ்தான். எங்கள் சபையில் பாதிப்பேர் கீர்த்தனைகளையே பர்மிய எழுத்தில் எழுதி வைத்துத்தான் பாடுகிறார்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள பிள்ளைக்கு,

ஐயா என்று ஆரம்பித்து நடுவில் பர்மியர்கள் ஆசிரியரைக் கூப்பிடுவதுபோலச் சயா ஆக்கிவிட்டாய். நம் வீடுகளில் அப்படித்தானே பேசுகிறோம், இருக்கட்டும்.

முதலில் கேட்டதற்குச் சொல்லிவிடுகிறேன். எம்.டிவ். ஊழியத்துக்கு ஆளைத் தயார் பண்ணும் படிப்பு. வழக்கமாக மூன்று வருஷம். பிரசங்கம், ஆற்றுப்படுத்தல், சபையிலோ ஆஸ்பத்திரியிலோ களப்பயிற்சி என்று போகும். எம்.டி.எஸ். என்கிற இறையியல் ஆய்வு முதுகலை, எம்.ஏ. எல்லாம் பெரும்பாலும் இரண்டு வருஷம், வாசிப்பும் கட்டுரையும்தான். நீ போதகராகப் போகிறாயா? கடிதம் முழுக்கத் தேடினேன், அப்படி ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் எதற்கு எம்.டிவ்.? ஹார்வர்டிலும் யேலிலும் இறையியல் பள்ளி பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருக்கிறது. பிரின்ஸ்டனில் செமினரி வேறு, பல்கலைக்கழகம் வேறு, ஒரே ஊர் என்பதால் குழம்பிவிடாதே. கடைசித் தேதிகள் டிசம்பர், ஜனவரியை ஒட்டி வரும். நல்ல இடங்களில் பி.எச்டி.க்குக் கட்டணத்தையும் அவர்களே பார்த்துக்கொண்டு மாசச் செலவுக்கும் கொடுப்பார்கள். இரண்டு வருஷப் படிப்புக்கு அந்த நிச்சயம் கிடையாது, ஒவ்வொரு இடமாக எழுதிக் கேட்க வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். வகுப்புக்கு நான் ஆள் இல்லை, தோழிகளைக் கேள்.

போதகர் கடிதம் போதாது. அவர் உன்னைத் தூக்கி வளர்த்தவராக இருக்கலாம், ஆனால் உன் கட்டுரை ஒன்றையாவது படித்திருக்கிறாரா? நான் விண்ணப்பித்தபோது எனக்கு வேண்டிய ஒரு பெரியவர் அன்போடு எழுதிக் கொடுத்தார், பிரதியையும் காட்டினார். ஒழுக்கமானவன், பெரியவர்களை மதிப்பவன், பண்டிகைகளில் ஓடியாடி வேலை செய்பவன். எல்லாம் உண்மைதான், பெண் பார்க்கும் வீட்டுக்கு அனுப்பியிருந்தால் கல்யாணமே முடிந்திருக்கும். நான் எதைப் படித்தேன், எப்படி யோசிக்கிறேன் என்று அதில் ஒரு வரி இல்லை. அந்தப் பல்கலைக்கழகம் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. உன் கட்டுரையைச் சிவப்புப் பேனாவால் கிழித்துப்போட்ட ஆசிரியர் ஒருவர் இருப்பார், அவரிடம் போ. தேதிக்கு இரண்டு மாதம் முன்னாலேயே போ.

சரி, இப்போது உன் பயோடேட்டா. அதைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. 'மொழிகள்: பர்மியம், ஆங்கிலம் (நடுத்தரம்)' என்று போட்டிருக்கிறாய். தமிழ் எங்கே? எனக்கு இவ்வளவு நீளக் கடிதத்தை எந்த மொழியில் எழுதினாய்? அப்பாவோடு எந்த மொழியில் சண்டை போடுகிறாய்? கோயில் வகுப்பில் படித்தது கணக்கில் வராது என்று உனக்கு யார் சொன்னது? பாலி எங்கே? 'பாலி நான் படிக்கவில்லையே சயா' என்பாய். மொழியாகப் படிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பர்மிய எழுத்து தெரிந்தவளுக்குப் பாலியின் வாசற்கதவு திறந்தே கிடக்கிறது. 1954 முதல் 1956 வரை இங்கே ரங்கூன் கபா ஏயில் நடந்த ஆறாவது சங்காயனத்தின், அதாவது பௌத்தத் துறவிகள் பேரவையின், பாலித் திரிபிடகப் பதிப்பு பர்மிய எழுத்தில்தான் அச்சானது. மாந்தலே குத்தோடா பகோடாவில் 729 சலவைக்கற்களில் திரிபிடகத்தை வெட்டி நட்டிருப்பதும் இந்த எழுத்தில்தான். பாலிச் சொல்லை ஒவ்வொன்றாக வைத்துப் பக்கத்திலேயே பர்மியப் பொருள் சொல்லிக்கொண்டு போகும் நிஸ்ஸயா நூல்களைப் படிக்க வெளிநாட்டுப் பிள்ளைகள் முதலில் எழுத்து, பிறகு பர்மியம், பிறகு பாலி என்று வருஷக்கணக்கில் உட்கார வேண்டும். அதில் முதல் இரண்டும் உனக்குப் பாலோடு வந்தவை. அதை எல்லாம் மறைத்து வைத்துவிட்டு 'ஆங்கிலம் நடுத்தரம்' என்பதை மட்டும் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறாயே!

இந்தக் கோபத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. உன் கடிதம் வந்த வாரம்தான் பெகுவில் எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தேன். அடியில் அம்மாவின் தேவார நோட்டு. அறுபதுகளின் நடுவில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டபோது அம்மா தமிழ்ப் பள்ளியில் முதல் வகுப்பைத் தாண்டியிருக்கவில்லை, பள்ளியோடு எழுத்தும் போய்விட்டது. அதனால் அம்மாச்சி பாடப் பாட, அம்மா பர்மிய எழுத்தில் எழுதி வைத்தாள். பழுப்பேறிய கோடு போட்ட நோட்டு, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை, சில பக்கங்களில் விபூதித் தூள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ழகரத்துக்குப் பர்மியத்தில் எழுத்து கிடையாது. பாலிச் சொற்களுக்காக வைத்திருக்கும் பெரிய லகரம் ஒன்று உண்டே, லஜீ, அதைப் பிடித்து ழகரத்துக்கும் ளகரத்துக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாகக் கண்டுபிடித்தாள்.

சின்ன வயதில் நான் அந்த நோட்டைப் பார்த்துத்தான் பாடுவேன். திருநீற்றுப் பதிகத்தில் வரிக்கு வரி 'நீயு, நீயு' என்றே படிப்பேன். அம்மா அங்கே போட்டிருந்தது யகௌ என்ற எழுத்து, பர்மியப் பள்ளியில் அதை ய என்றுதானே சொல்லித்தருகிறார்கள். அம்மா அடுப்படியிலிருந்து 'நீறுடா' என்று கத்துவாள், எனக்கு விளங்காது. எழுதியிருப்பதைத்தானே படிக்கிறேன்? பத்து வயதில், திஞ்சான் என்ற பர்மியப் புத்தாண்டு விடுமுறையில், தெருப்பிள்ளைகளோடு சேர்ந்து தலையை மழித்துக்கொண்டு ஒரு வாரம் பொங்கிகள் என்கிற பௌத்தத் துறவிகளின் மடத்தில் கொயினாக, அதாவது இளந்துறவியாக, இருந்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அம்மா பழம் கொண்டுவந்து கொடுத்தாள். அங்கே 'புத்தம் சரணம்' படிக்கும்போது 'தயணங்' என்று படித்துவிட்டேன், பாலியின் சகரம் பர்மியர் வாயில் தகரம்போல வரும். மடத்துத் தலைவர் சயாடோ நிறுத்தினார். பாலியில் அந்த எழுத்து ர, 'தரணங்' என்று படி என்றார். அவ்வளவுதான். வாரம் முடிந்ததும் மொட்டைத்தலையோடு வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். அம்மா யகௌவை ர என்று வைத்துத்தான் எழுதியிருக்கிறாள், பாலிக்கு வைப்பதைப் போல. நீறு. அன்றைக்குத்தான் சம்பந்தர் என் வாயில் சரியாக வந்தார், ஒரு பௌத்தத் துறவி திருத்திக் கொடுத்து.

இதை நான் என் விண்ணப்பத்தில் எழுதவில்லை. வெட்கமாக இருந்தது. தமிழ் படிக்கத் தெரியாத வீடு என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து, மதங்களுக்கிடையே நல்லிணக்கம், உலக அமைதி என்று இரண்டு பக்கம் எழுதினேன். உன் எஸ்.ஓ.பி.யின் முதல் வரி 'சிறு வயதிலிருந்தே எனக்கு எல்லா மதங்கள் மீதும் ஆர்வம்'. அது என் வரி, மகளே. இருபது வருஷம் முன்னால் நான் எழுதிய அதே வரி. படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. இந்த வரியை நூறு பேர் அனுப்புவார்கள். உன் சபைக் கீர்த்தனை நோட்டை உன்னைத் தவிர யாரும் அனுப்ப முடியாது, அதைக் கொண்டுபோய் மன்னிப்புக் கேட்கிற இடத்தில் வைத்திருக்கிறாய்.

அந்த நோட்டில் என்னவெல்லாம் இருக்கும் என்று யோசித்துப் பார். அமெரிக்க மிஷனரி ஜட்சன் 1813-ல் ரங்கூனில் வந்து இறங்கினார், பர்மிய வேதாகமத்தை 1834-ல் முடித்தார். கடவுளுக்கு அவர் எடுத்த சொல் பயா தக்கின். பயா என்றால் ஷ்வேடகோன் பகோடாவும் பயா, புத்தரும் பயா, துறவியைக் கூப்பிடுவதும் பயா. தமிழில் அதே கடவுளுக்கு வேதாகமத்தை மொழிபெயர்த்த ஃபப்ரீஷியஸ் பராபரன் என்று போட்டார், பிறகு வந்த மொழிபெயர்ப்பில் தேவன் ஆயிற்று, கத்தோலிக்கர்கள் சர்வேசுரன் என்றார்கள். உன் அம்மா ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழில் தேவன் என்று பாடிவிட்டு வீட்டுக்கு வந்து பர்மிய பைபிளில் பயா தக்கின் என்று வாசிக்கிறாள். அப்பா கோயிலில் சுவாமி என்கிறார், வழியில் பகோடாவைக் கண்டால் கையெடுத்துப் பயா என்கிறார். ஒரே வீட்டுக்குள் ஒரு சொல் இத்தனை பக்கம் போய் வருகிறது. ஐந்து வருஷம் உட்கார்ந்து படிக்க இதைவிட என்ன வேண்டும்? கேள்வி சின்னதாக இருக்கட்டும். பெரிதாக்க அங்கே ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

விசுவாசத்தைப் பற்றிக் கேட்டாய். இறையியல் பள்ளிக்கு எழுதுவதானால் சொல்லலாம், சமய ஆய்வுத் துறைக்கு அது தேவைப்படாது. இரண்டிலும் மறைக்க வேண்டியதில்லை, சாட்சி சொல்லவும் வேண்டியதில்லை. ஜெர்மனோ பிரெஞ்சோ வாசிக்கிற அளவுக்குப் பின்னால் கற்றுக்கொள்ளத்தான் வேண்டியிருக்கும். சைவ சித்தாந்தத்தைப் பற்றியே ஷோமெரஸ் என்ற மிஷனரி 1912-ல் ஜெர்மனில் ஒரு தடித்த புத்தகம் எழுதியிருக்கிறார். அதை இப்போது நினைத்துப் பயப்படாதே.

வருகிற ஞாயிறு சபைக்குப் போகும்போது யாராவது பெரியம்மாவிடம் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார். ரகரத்துக்கு என்ன எழுத்துப் போட்டிருக்கிறார்கள்? ழகரத்துக்கு? தேவன் என்ற சொல்லை அப்படியே பர்மிய எழுத்தில் விட்டிருக்கிறார்களா, இல்லை யாராவது அதன் மேலே பென்சிலால் பயா என்று எழுதியிருக்கிறார்களா? பார்த்து எனக்கு எழுது. பயோடேட்டாவையும் திருத்தி அனுப்பு.