மோட்டார்ஹோமின் காற்றுப்பைகளும் கூரை உயரமும்: கேள்வி பதில்

இங்கிலாந்தில் ஃபியட் டுகாட்டோ வகை மோட்டார்ஹோம் (படுக்கை, சமையல் வசதியுள்ள வீட்டு வண்டி) ஓட்டுவோர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. பின் ஆக்ஸிலில் (பின்சக்கர அச்சில்), ஸ்பிரிங்குக்குத் துணையாக வண்டி உடலைத் தூக்கிப் பிடிக்கும் காற்றுப்பைகள் பொருத்தியிருக்கிறேன். வண்டிக் கையேட்டில் உயரம் 2.89 மீட்டர் என்று உள்ளது. பாலங்களுக்கு அடியில் போகும்போது அதையே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. அது தொழிற்சாலையை விட்டு வெளிவந்தபோது இருந்த உயரம். பிறகு கூரையில் ஏறிய ஏசியும் டிஷ் ஆன்டெனாவும் அதில் அடங்கவில்லை. அதோடு, பின்பக்கத்தைத் தூக்கினால் வால்முனை ஆக்ஸிலைவிடக் கூடுதலாக எழும்பும். இரு ஆக்ஸில்களுக்கும் இடையே 4 மீட்டரும், பின் ஆக்ஸிலுக்கு அப்பால் 2 மீட்டரும் நீளமுள்ள வண்டியில், ஆக்ஸிலுக்கு மேலே 5 செ.மீ. உயர்த்தினால் வால்முனை 7.5 செ.மீ. உயர்ந்துவிடும். ஆகவே தண்ணீர்த் தொட்டி காலியாகவும் பைகள் நிறைந்தும் இருக்கும்போது, சமதளத்தில் நிறுத்தி அளந்துகொள்ளுங்கள். கூரையின் மிக உயர்ந்த பொருளின்மேல் நேரான பலகையைப் பக்கவாட்டில் நீட்டி வைத்து, ரசமட்டம் சரியாக நின்றபின், அதன் முனையிலிருந்து ஒருவர் தரைவரை டேப்பை இறக்கவேண்டும். கிடைத்த அளவை அடிக்கணக்கிலும் எழுதி ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டிவையுங்கள்; 2.97 மீட்டர் என்றால் 9 அடி 9 அங்குலம்.

கேள்வி: உயரப் பலகையே இல்லாத பாலத்தில் என்ன செய்வது?

பதில்: இங்கே பலகை இல்லாத பாலத்தின் உயரம் குறைந்தது 16 அடி 6 அங்குலம், அதாவது 5.03 மீட்டர் என்பதே விதி. நமக்கு அது தாராளம். வளைவுப் பாலத்தில்தான் கவனம் வேண்டும். பலகை சொல்லும் உயரம் நடுப்பகுதிக்கே பொருந்தும் என்பதால், எதிரே வண்டி இல்லாததை உறுதிசெய்துகொண்டு நடுவே மெல்லக் கடக்கவேண்டும்.

கேள்வி: பைகள் போட்டாயிற்று, இனிக் கூடுதல் எடை ஏற்றலாமா?

பதில்: ஏற்றக்கூடாது. வண்டியின் தகட்டில் பதித்த, அனுமதிக்கப்பட்ட உச்ச எடை பையால் மாறுவதில்லை.

கேள்வி: என்னுடையது பழைய டுகாட்டோ. பைகள் போட்டபின் மழையில் பிரேக் பிடித்தால் முன்சக்கரங்கள் சறுக்குகின்றன. டயர்தான் காரணமா?

பதில்: டயரைப் பாருங்கள், அதற்குமுன் பின் ஆக்ஸிலோடு சிறு கம்பியால் இணைந்த பிரேக் வால்வைப் பாருங்கள். பாரம் ஏறி வண்டி தாழும்போது கம்பி அசைந்து, பின்சக்கரங்களுக்குக் கூடுதல் பிரேக் அழுத்தத்தை அந்த வால்வு அனுப்பும். காற்றுப்பை உடலைத் தூக்கிப் பிடிப்பதால், பாரம் முழுதும் உள்ளே இருந்தாலும் வண்டி காலி என்றே வால்வு எடுத்துக்கொள்கிறது. பின் பிரேக் குறைந்து, முன்சக்கரங்களே சுமையைத் தாங்குகின்றன. பை பொருத்துவோர் பலர் இதைத் தொடாமலே வண்டியைக் கையில் கொடுப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. நல்ல பட்டறையில் வால்வைச் சரிசெய்யும்வரை அந்த வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் போகாதீர்கள்.

கேள்வி: இரவில் நிறுத்தினால், காலையில் இடப்பக்கம் மட்டும் தாழ்ந்திருக்கிறது.

பதில்: பெரும்பாலும் குழாய் இணைப்பில் கசிவு இருக்கும். சோப்பு நீரைத் தூரிகையால் தடவுங்கள்; நுரை பொங்கும் இடமே கசியும் இடம். காற்றில்லாத பையோடு ஓட்டினால் அதன் ரப்பர் மடிந்து கிழியும். அடியில் புகுந்து பார்ப்பதானால், சேஸிக்குக் (வண்டியின் அடிச்சட்டத்துக்கு) கீழே உறுதியான ஸ்டாண்ட் நிறுத்திய பிறகே புகவேண்டும். பை காற்றை இழந்தால் வண்டி முன்னறிவிப்பின்றி இறங்கிவிடும்.