150 பேர் இருக்கும் வகுப்பில், பாடம் புரிந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கட்டுரை விடை வாங்கினால் திருத்தி மாளவில்லை, ஒரு மதிப்பெண் கேள்வி வைத்தால் ஒன்றும் தெரிவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அதே கதைதான். முதலாண்டுத் தாவரவியல், மூன்று பிரிவுகளையும் சேர்த்து ஒரே கூடத்தில் 140 பேர்.

எனக்குக் கைகொடுத்தது கருத்து வரைபடம். அரைத் தாளைக் கொடுத்துவிட்டுப் பலகையில் எட்டுச் சொற்களை எழுதுவேன்: குளோரோபிளாஸ்ட், மைட்டோகாண்ட்ரியா, குளுக்கோஸ், ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு), ஒளி, இரவு. சொற்களை அம்புக்குறியால் இணைத்து, ஒவ்வொரு அம்பின் மேலும் 'வெளியிடுகிறது', 'தேவைப்படுகிறது' என்பதுபோல ஒரு வினையை எழுத வேண்டும். வினை இல்லாத அம்புக்கு மதிப்பெண் கிடையாது. நேரம் பத்து நிமிடம்.

'இரவு' வேண்டுமென்றே வைத்த சொல். சுவாசித்தலுக்கு வரையறையை வரி பிசகாமல் எழுதுகிற பிள்ளைகள்கூட, சுவாசம் நடக்கும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து இரவுக்கு அம்பு போட்டு 'அப்போது மட்டும் வேலை செய்கிறது' என்று எழுதினார்கள். செடி பகலிலும் சுவாசிக்கிறது என்பது பலருக்கும் மனதில் ஏறவே இல்லை. (ராத்திரி புளியமரத்தடியில் படுக்காதே என்று கேட்டு வளர்ந்தவர்கள்தானே!) கட்டுரை விடையில் இந்தத் தவறு எனக்குக் கண்ணில் பட்டதே இல்லை.

இந்த முறை 1972இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், கல்வி ஆய்வாளர் ஜோசப் நோவாக்கின் குழுவில் பிறந்தது. குழந்தைகளின் அறிவியல் புரிதல் வருடா வருடம் எப்படி மாறுகிறது என்று பேட்டி எடுத்தார்கள். பக்கம் பக்கமாகக் குவிந்த பேட்டிகளில் மாற்றத்தைப் பிடிக்க முடியாமல்தான் படமாக வரையத் தொடங்கினார்கள். நமக்கு விடைத்தாள் கட்டு, அவர்களுக்குப் பேட்டிக் கட்டு.

நோவாக்கும் அவரோடு சேர்ந்து நூல் எழுதிய கோவினும் சொன்ன மதிப்பெண் கணக்கில் சரியான இணைப்புக்கு 1, படிநிலைக்கு (பொதுவான கருத்திலிருந்து குறிப்பான கருத்துக்கு இறங்கும் ஒவ்வொரு அடுக்குக்கும்) 5, குறுக்கு இணைப்புக்கு (படத்தின் வெவ்வேறு பகுதிகளை இணைக்கும் அம்புக்கு) 10. 140 தாளுக்கு அது தாங்காது. நான் மூன்று அம்புகளை மட்டும் பார்ப்பேன். தாளுக்கு 40 நொடி, மொத்தம் ஒன்றரை மணி நேரம். அப்புறம், அதிகம் பேர் செய்த தவறுகளைப் பெயர் சொல்லாமல் மறுநாள் பலகையில் வரைந்து, 'எந்த அம்பு தப்பு?' என்று கேட்பேன்.

இன்டர்னல் மதிப்பெண்ணில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள். நான் ஒரு தடவை சேர்த்தேன். அடுத்த தேர்வுக்குள் 'மாடல் வரைபடம்' செராக்ஸ் கடையில் இரண்டு ரூபாய்க்குக் கிடைத்தது.