கம்பம் பள்ளத்தாக்கு: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

என் தாத்தா தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் விவசாயம் செய்தவர். அப்பா வேலைக்காகச் சென்னைக்கு வந்துவிட்டார். நான் பிறந்து வளர்ந்தது இங்கேதான். கோடை விடுமுறைக்குப் போனால் தாத்தா சாப்பிட உட்காரும்போதெல்லாம் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக்கின் பெயரைச் சொல்வார். அவர் இல்லையென்றால் நமக்கு இந்தச் சோறு இல்லை என்பார். அணை வருவதற்கு முன் அந்தப் பள்ளத்தாக்கு வெறும் பொட்டலாகத்தான் கிடந்ததா? இன்னொன்றும் கேட்க வேண்டும். தாத்தாவின் இரண்டு ஏக்கர் வயல் இப்போது குத்தகையில் இருக்கிறது. விற்றுவிடலாம் என்று வீட்டில் பேசுகிறார்கள். அதற்கு முன் ஒருமுறை போய் அந்த ஊரைச் சரியாகத் தெரிந்துகொள்ள நினைக்கிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள வாசகிக்கு,

பொட்டல் இல்லை. அந்தப் பள்ளத்தாக்கிலுள்ள சின்னமனூரில் கிடைத்த பாண்டியரின் பெரிய செப்பேடுகள் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஓர் அரசன் நிலத்தைக் கொடையாகக் கொடுத்ததைப் பதிவுசெய்தவை. விளையாத மண்ணுக்கு யாரும் செம்பில் எழுத்து வெட்டுவதில்லை. மேகமலைப் பக்கமிருந்து இறங்கும் சுருளியாற்றை மறித்து, வாய்க்கால் பிரித்து, நெல் நட்டவர்கள் அணைக்குப் பல தலைமுறை முன்பே அங்கே இருந்தார்கள்.

ஆனால் தாத்தா சொன்னதிலும் உண்மை இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை மலையின் மேற்குச் சரிவில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. கிழக்கே இருக்கும் இந்தப் பள்ளத்தாக்குக்கு வருவது சாரலும் காற்றும்தான். மழை பொய்த்த ஆண்டில் ஆறும் பொய்த்துவிடும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பஞ்சத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகுதான், மேற்கே பாய்ந்து கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் பழைய யோசனை வேகம் பிடித்தது. 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூருடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. அணைக்கும் நீர்த்தேக்கத்துக்கும் 8,000 ஏக்கர், 999 ஆண்டுக் குத்தகை, ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். 1895-ல் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வந்தது.

பலரும் கவனிக்காத ஒன்று: அந்தத் திட்டம் முதன்மையாகக் கம்பத்துக்காகப் போடப்பட்டது அல்ல. தண்ணீரை வைகையில் சேர்த்து, பேரணையிலிருந்து வெட்டிய கால்வாயில் மதுரை, மேலூர்ப் பக்கத்து வயல்களுக்குக் கொண்டுபோவதே அதன் நோக்கம். பள்ளத்தாக்கு அந்தத் தண்ணீர் போகும் வழியில் இருந்தது. வழியில் ஏற்கெனவே வாய்க்கால்களும் உழவர்களும் இருந்ததால்தான் வந்த தண்ணீர் வயலில் ஏறியது. இன்று 14,707 ஏக்கர் இருபோக நிலம் என்று செய்திகளில் படிக்கிறோமே, அதற்குப் பெரியாற்றுத் தண்ணீர் எவ்வளவு காரணமோ, அதைத் தாங்கிக்கொண்ட பழைய வாய்க்கால்களும் அவ்வளவு காரணம்.

பென்னிகுயிக்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. கட்டத் தொடங்கியதை வெள்ளம் அடித்துப் போன பிறகும் விடாமல் கட்டியவர் அவர். அவருடைய பிறந்தநாளான ஜனவரி 15-ல் லோயர்கேம்பில் அவருக்குக் கட்டிய மணிமண்டபத்தில் ஊர் கூடிப் பொங்கல் வைப்பதை நான் நின்று பார்த்திருக்கிறேன். யாரும் சொல்லிச் செய்கிற மரியாதை அல்ல அது. ஆனால் ஒவ்வொரு முறையும் மனதில் ஒன்று உறுத்துகிறது. அந்தக் காட்டில் கல் சுமந்து, சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் பொடியும் அரைத்து, காய்ச்சலிலும் காலராவிலும் செத்துப்போன கூலியாட்களின் பெயரைச் சொல்லி அங்கே ஒரு பானையும் பொங்குவதில்லை.

இன்றும் பள்ளத்தாக்கைத் தாங்குகிறவர்கள் அப்படித்தான் பெயரில்லாமல் இருக்கிறார்கள். விடிவதற்கு முன் கம்பத்தில் போய் நில்லுங்கள். தூக்குவாளியோடு பெண்கள் ஜீப்புகளில் நெருக்கி ஏறுவார்கள். கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் கேரளத்தில் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போய் காய் பறித்துவிட்டு மாலையில் இறங்குவார்கள். தண்ணீர் அங்கிருந்து இங்கே இறங்குகிறது, ஆட்கள் இங்கிருந்து அங்கே ஏறுகிறார்கள். அணைச் சிக்கலைத் தமிழ்நாடு, கேரளம் என்ற இரண்டு மாநிலங்களின் சண்டையாக மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது. 2011 டிசம்பரில் அந்தச் சண்டையில் எல்லை கொதித்தபோது முதலில் கூலியை இழந்தவர்கள் இந்தப் பெண்கள்தான். அணையின் நீர்மட்டம் 136 அடியா 142 அடியா என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டு அடுப்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் போனால் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த திராட்சைப் பந்தல்களைப் பார்ப்பீர்கள். பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோட்டத்துக்குத் தோட்டம் வெவ்வேறு மாதத்தில் கொடியை வெட்டிக் கவாத்து செய்வதால் ஆண்டு முழுவதும் எங்காவது அறுவடை நடந்துகொண்டே இருக்கும். கவாத்திலிருந்து பழம் கைக்கு வர ஏறக்குறைய நான்கு மாதம். அதற்குள் தொடர்ந்து மழையும் பனியும் பிடித்தால் செவட்டை நோய் விழுந்துவிடும். மருந்தடித்து மீட்டெடுக்கும் நேரத்தில் விலை சரிந்து கிடக்கும். குறியீடு கிடைத்த பெருமையைச் சொன்ன விவசாயி ஒருவர், அடுத்த மூச்சிலேயே மருந்துக்கடைப் பாக்கியைச் சொன்னார். பந்தலை விட்டு வெளியே வந்தால் தென்னையும் வாழையும். ஆள் கிடைக்காததால் நெல்லை விட்டவர்கள் பலர். வேலைக்கு ஆள் இல்லை என்று வரப்பில் நிற்கிறவர் சொல்லுவார், இங்கே கூலி கட்டவில்லை என்று ஜீப்பில் போகிறவர் சொல்லுவார். இரண்டு பேர் சொல்வதையும் நான் நம்புகிறேன்.

இனி உங்கள் இரண்டு ஏக்கர். விற்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. சென்னையிலிருந்துகொண்டு இருபோக வயலைக் காப்பது எவ்வளவு பாடு என்று தெரியும். ஜூன் முதல் வாரத்தில் போங்கள். அணையில் இருப்பு இருக்கும் ஆண்டுகளில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பது அப்போதுதான். நாற்றங்காலில் நீர் ஏறுவதைப் பார்த்தால் தாத்தா ஏன் அப்படிப் பேசினார் என்பது புரியும். மணிமண்டபத்துக்கும் போய்வாருங்கள். ஆனால் பத்திரத்தைக் கையில் எடுப்பதற்கு முன், உங்கள் வயலைக் குத்தகைக்கு உழுகிறவர் வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். எந்த மடையிலிருந்து உங்கள் வயலுக்குத் தண்ணீர் வருகிறது, கடைசியாக எந்த ஆண்டு இரண்டாம் போகம் முழுதாக விளைந்தது, விற்றால் அவர் எங்கே போவார் என்று கேளுங்கள். அவர் சொன்னதை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்